பழைய ஃபோர்-வீல் டிரைவ் வண்டி: எது பழுதாகும், செலவு எங்கே இழுக்கும்?

காட்டுப் பாதை, மணல், சேறு, ஆற்றுத் தண்ணீர் எல்லாம் பார்த்த ஒரு பழைய பிக்கப்பையோ ஜீப் வகை வண்டியையோ வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைச் சேர்த்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். தனிச் சேஸ் (அடிச்சட்டம்) மேல் பாடி உட்கார்ந்திருக்கும், தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கும் வண்டிகளை மனத்தில் வைத்து எழுதியது இது.

ரிப்பேர் செலவை எப்படிக் கணக்குப் போடுவது?

பாகத்தின் விலை இடத்துக்கு இடம் மாறும். ஒரு வேலைக்குப் பிடிக்கும் நேரம் அவ்வளவாக மாறாது. அதனால் செலவை மணிக்கணக்கில் சொல்கிறேன். உங்கள் மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலியால் அதைப் பெருக்கி, பாகத்தின் விலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். துரு ஏறிய போல்ட்டுகள் உள்ள வண்டி என்றால் நேரத்தில் பாதியை மேலும் கூட்டிக்கொள்வது நல்லது.

இந்த வகை வண்டியில் பில்லைப் பெரிதாக்குவது பெரும்பாலும் முதலில் கெட்ட பாகம் இல்லை. அது கெட்டதும் கவனிக்காமல் விட்டதால் கூடவே போன பாகங்கள்தான். ஓர் ஆயில் சீல் உள்ளங்கைக்குள் அடங்கும், மலிவானது. அது கசிந்தால் பேரிங் காயும். பேரிங் போனால் ஆக்சில் ஷாஃப்டில் தழும்பு விழும். நடுவில் பிரேக் லைனிங் முழுக்க ஆயிலில் ஊறியிருக்கும். அதனால் ஒரு வண்டியைப் பார்க்கும்போது நான் தேடுவது ஒன்றே ஒன்று: முன்பு வைத்திருந்தவர் ஆயிலையும் சீலையும் கிரீஸையும் கவனித்தாரா?

குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால் நம்பி வாங்கலாமா?

மீட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு காரணம் டயர். 31 அங்குல டயரோடு வந்த வண்டிக்கு 35 அங்குல டயர் மாட்டி, மீட்டரைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால், மீட்டர் 1,00,000 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் சுமார் 1,13,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். பெரிய டயர் மாட்டிய வண்டியில் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

இன்னொரு காரணம், கடினமான நிலத்தில் கிலோமீட்டர் ஏறாது, மணி நேரம்தான் ஏறும். லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர்) நாள் முழுக்கப் பாறை ஏறினாலும் மீட்டரில் இருபது கிலோமீட்டர் கூடச் சேர்ந்திருக்காது. ஆனால் இன்ஜினும் கிளட்சும் ஆக்சிலும் நாள் முழுக்க உழைத்திருக்கும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக 2,00,000 கிலோமீட்டர் ஓடி, ஆயில் மாற்றிய ரசீதுகளோடு வரும் வண்டியைத்தான் நான் எடுப்பேன்.

முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

சேஸைத்தான். இன்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். சேஸ் போய்விட்டால் வண்டியையே பிரித்து மீண்டும் கட்ட வேண்டும்.

துரு உள்ளிருந்து வெளியே வரும். சேஸின் இரண்டு நீளச் சட்டங்களும் பெட்டி போல மூடியிருப்பதால் சேறு உள்ளே போய்த் தங்கிவிடும். பின் ஆக்சிலுக்கு மேலே சேஸ் வளையும் இடம், பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் கொக்கிகள், பாடி உட்காரும் ரப்பர் மவுண்டுகளைச் சுற்றிய இடம், இந்த மூன்றையும் விடாதீர்கள். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இரும்பு ‘தப்’ என்று அமுங்கிய ஒலி தரும். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் செதில் செதிலாக உரிந்தால் போதும், கிளம்பிவிடலாம். விற்பதற்கு முந்தின வாரம் கருப்பு பெயின்ட் தடிமனாக அடித்த சேஸ் என்றால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும்.

பெயர் பெற்ற தயாரிப்பு என்பதால் இதில் விலக்கு கிடையாது. 2005 முதல் 2010 வரையிலான டகோமா உள்ளிட்ட சில வண்டிகளின் சேஸ் துரு தொடர்பான வழக்கில், அமெரிக்காவில் 2016-ல் டொயோட்டா சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. சேஸைப் பரிசோதித்து, தேவையானால் மாற்றித் தருவது அதன் முக்கியப் பகுதி.

துருவுக்கு அடுத்தது விரிசல். ஸ்டியரிங் பாக்ஸ் மாட்டிய இடம், ஷாக் அப்சார்பர் மவுண்ட், பட்டைக் கொக்கி ஆகியவற்றைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் தழும்பு தெரிந்தால் காரணம் கேளுங்கள். பிறகு இடப்பக்க முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை டேப் பிடித்து அளந்து, வலப்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கும்போது இரண்டு அளவுகளும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

டிஃபரன்ஷியல் ஆயில் பால் மாதிரி இருக்கிறது. என்ன அர்த்தம்?

ஆக்சில் நடுவே இழுவையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் கியர் பெட்டிதான் டிஃபரன்ஷியல். அதற்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. இந்தக் கேள்விக்கு விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெளியே கொஞ்சமும் தெரியாத பழுது இது.

ஓடி ஓடி ஆக்சில் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். ஆக்சில் மேலே பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழல் இருக்கும். அது சேற்றால் அடைத்திருந்தால், காற்றுக்குப் பதிலாக ஆயில் சீல்களின் ஓரம் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயிலும் தண்ணீரும் கலந்து வெளுத்துப் போகும். அப்படிப்பட்ட ஆயில் உள்ளிருக்கும் கியர்களான கிரௌன் வீலையும் பினியனையும் காக்காது. பேரிங்குகளில் துருப்புள்ளி விழுந்து, சில மாதங்களில் ஊளைச் சத்தம் தொடங்கும்.

வெளிப்புறம் மினுமினுக்கும் ஒரு வண்டியை, வின்ச், கூரை விளக்கு, புது டயர் எல்லாம் பார்த்து மயங்கி ஒருமுறை நானே வாங்கியிருக்கிறேன். மூன்றாவது வாரம் பின் டிஃபரன்ஷியலின் வடிகால் போல்ட்டைத் திறந்ததும் முதலில் வந்தது தெளிந்த தண்ணீர், அதன் பின்னால் காப்பி நிறக் குழம்பு. ஒரு சின்ன ரப்பர் குழாயைச் சுத்தம் செய்திருந்தால் வராத பழுது அது.

சோதிக்கும் முறை எளிது. வண்டி இரவு முழுக்க அசையாமல் நின்றிருக்க வேண்டும், தண்ணீர் அடியில் இறங்கிவிடும். காலையில் வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்தி முதல் சொட்டுகளைப் பாருங்கள். ஆனால் அதற்கு முன்பாக ஆயில் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கீழே வடித்துவிட்டு மேல் போல்ட் துருப்பிடித்துக் கழலவில்லை என்றால் வண்டியை நகர்த்தவே முடியாது. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பரவாயில்லை, அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் துணுக்கோ பல்லின் உடைசலோ இருந்தால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது.

செலவு என்று பார்த்தால், ஆயில் மட்டும் மாற்றுவது அரை மணி நேர வேலை. பேரிங்கும் பினியனும் போய்விட்டால் ஓர் ஆக்சிலுக்கு 6 முதல் 8 மணி நேரம் ஆகும். பற்களுக்கு இடையே உள்ள இடைவெளியை மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு அளவுக்குத் துல்லியமாக வைக்கத் தெரிந்த கைதான் இதைச் செய்ய வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், நல்ல நிலையில் உள்ள பழைய ஆக்சில் ஒன்றை முழுதாக மாற்றிவிடுவது மலிவு. அதன் கியர் விகிதம் உங்கள் வண்டியினுடையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் விகிதம் வேறாக இருந்தால் ஃபோர்-வீல் டிரைவ் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) உடைந்துபோகலாம்.

ஃபோர்-வீல் டிரைவ் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் போதாது. மண்ணோ சரளையோ உள்ள இடத்துக்கு ஓட்டிப்போய், ஃபோர் ஹை (நான்கு சக்கர இழுவை, சாதாரண வேகம்) போட்டு, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். முன்பக்கம் இழுத்துக்கொண்டு, வண்டி கொஞ்சம் முரண்டு பிடிப்பது தெரியும். ஒன்றுமே மாறவில்லை என்றால் சக்கரத்தை ஷாஃப்டோடு இணைக்கும் ஹப் பூட்டவில்லை அல்லது முன் ஆக்சிலை இணைக்கும் ஆக்சுவேட்டர் சிக்கிக்கொண்டது. அப்புறம் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஃபோர் லோவையும் போட்டுப் பாருங்கள்.

“ஒருமுறை கூட ஃபோர்-வீல் டிரைவ் போட்டதே இல்லை” என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். எனக்கு அது நல்ல செய்தி இல்லை. பல ஆண்டுகள் அசையாமல் இருந்த கம்பியும் மோட்டாரும் உள்ளேயே இறுகிவிடும். மாதம் ஒருமுறை மண்தரையில் கொஞ்ச தூரம் போட்டு ஓட்டிய வண்டியே மேல். அதே சமயம், காய்ந்த தார்ச் சாலையில் பகுதிநேர ஃபோர்-வீல் டிரைவைப் போட்டு ஓட்டிய வண்டியும் ஆபத்துதான். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். வழுக்க இடமில்லாததால் அந்த முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் செயினிலும் ஷாஃப்டுகளிலும் ஏறும்.

ஆக்சுவேட்டர் மாற்ற 1 முதல் 3 மணி நேரம். டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கிப் பிரித்து ஏற்றுவது ஒரு முழு நாள் வேலை.

சிவி பூட் கிழிந்திருந்தால் உடனே மாற்ற வேண்டுமா?

ஆமாம், அன்றைக்கே. தனித்தனி முன் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் முன்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டின் சிவி ஜாயிண்டை மூடிய, மடிப்பு மடிப்பான இந்த ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், மணல் உள்ளே போகும். பூட் மட்டும் மாற்ற 2, 3 மணி நேரம். முழுக்கத் திருப்பும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வந்துவிட்டால் ஜாயிண்டே தேய்ந்துவிட்டது, ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டியதுதான். வண்டியை இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்தியிருந்தால் ஜாயிண்ட் எப்போதும் அதிகக் கோணத்தில் சுழலும், பூட் சீக்கிரம் கிழியும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் வெறித்தனமாக ஆடுகிறது. ஏன்?

முன்பக்கம் திடமான ஒற்றை ஆக்சில் உள்ள வண்டிகளில் இது வரும். ஒரு சின்னப் பள்ளத்தில் ஏறியதும் முன்சக்கரம் இரண்டும் இடமும் வலமும் வேகமாக உதறத் தொடங்கும், வேகத்தைக் குறைக்கும் வரை நிற்காது. முதல்முறை அனுபவிக்கும்போது கை நடுங்கிவிடும்.

பலர் செய்வது ஸ்டியரிங் டேம்பர் மாற்றுவது. புது டேம்பர் ஆட்டத்தைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும், காரணம் அப்படியே இருக்கும். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்டு ராடின் புஷ், சக்கரங்களைத் திருப்பும் டை ராட் முனைகள், சக்கரம் திரும்பும் மூட்டான பால் ஜாயிண்ட் அல்லது கிங்பின் பேரிங், சக்கர பேலன்ஸ் இவற்றில் ஒன்றோ பலவோ தேய்ந்திருக்கும். இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாகத் திருப்ப, நீங்கள் பக்கவாட்டில் குனிந்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். ஸ்டியரிங் அசைந்தும் சக்கரம் அசையாமல் நடுவில் எது ஆடுகிறதோ அதுதான் குற்றவாளி. டை ராட் முனை ஒரு மணி நேர வேலை. வீல் அலைன்மென்ட் தனி.

சுசுகி ஜிம்னி, பழைய லேண்ட் குரூசர் போன்றவற்றில் முன்சக்கரத்துக்கு உள்பக்கம் உருண்டையான நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டின் உறை) இருக்கும். அதன் வெளிப்புறம் கருப்பாக நீர்த்த கூழ் வழிந்திருந்தால் உள் ஆயில் சீல் போய், டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிள் கிரீஸில் கலந்துவிட்டது என்று பொருள். இரு பக்கமும் பிரித்து, சீல், கிங்பின் பேரிங், வீல் பேரிங் எல்லாம் போட்டுக் கட்ட ஒரு முழு நாள் ஆகும். பாகங்களின் விலை அதிகமில்லை, கூலிதான் அதிகம். பொறுமை உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். கை முழுக்க கிரீஸ் ஆகும், ஆனால் வண்டியை இதைவிட நன்றாகப் புரிந்துகொள்ள வேறு வேலை இல்லை.

அடியில் ‘டங்’ என்று சத்தம், வேகத்தில் அதிர்வு. கியர்பாக்ஸா?

பெரும்பாலும் இல்லை. ஆக்சிலுக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்டைப் பாருங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஷாஃப்ட்டைக் கையால் திருகி ஆட்டுங்கள். ஜாயிண்டில் ஆட்டமோ, ஊசி பேரிங்கிலிருந்து செம்பழுப்புத் தூளோ தெரிந்தால் அதுதான். ஒரு ஜாயிண்டுக்கு 1 முதல் 2 மணி நேரம். தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு முறையும் கிரீஸ் நிப்பிளில் நாலு பம்ப் அடித்தால் ஜாயிண்ட் பல ஆண்டு உழைக்கும்.

டீசல் இன்ஜினில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

முதலில் ஒரு நிபந்தனை: நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் பெரிய பில் இன்ஜெக்டர்கள்தான். 1,600 பார், அதற்கும் மேலான அழுத்தத்தில் வேலை செய்யும் அவற்றுக்கு டீசலில் கலந்த கொஞ்சம் தண்ணீரே எமன். குளிரில் கரகரவென்று தட்டும் சத்தம், சீரில்லாத ஐடில், வெள்ளைப் புகை எல்லாம் அறிகுறிகள். ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசலைத் திருப்பி அனுப்புகிறது என்று அளக்கும் ரிட்டர்ன் சோதனை ஒரு மணி நேரத்துக்குள் உண்மையைச் சொல்லிவிடும். வாங்கும் முன்பு அதைக் கேட்டு வாங்குங்கள். நான்கையும் மாற்ற 3 முதல் 6 மணி நேரம்தான் ஆகும், ஆனால் இங்கே பாகத்தின் விலை கூலியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் வண்டிகளில் வந்த டொயோட்டாவின் 1கேடி 3 லிட்டர் டீசலில் கவனிக்க வேண்டியது இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செப்பு வாஷர். அது கசிந்தால் எரிந்த வாயு உள்ளே புகுந்து இன்ஜின் ஆயிலைத் தார் போலக் கெட்டியாக்கும். அந்தக் கரி அடியில் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். ஆயில் அழுத்தம் விழுந்தால் இன்ஜினே போய்விடும். சில வாஷர்களில் தொடங்குகிற கதை அது.

டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், மாற்றியதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லாத வரை மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். 4 முதல் 6 மணி நேரம். அறுந்தால் பெரும்பாலான டீசல்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கிறதா என்று பார்க்க: குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் ரேடியேட்டர் மேல் குழாய் கல் போல இறுகினால், அல்லது கூலன்டில் குமிழ்கள் விடாமல் வந்தால், எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிகிறது. சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். இந்த வேலை 10 மணி நேரத்தில் தொடங்கும். ஹெட் வளைந்திருந்தால் லேத்துக்குப் போக வேண்டும், விரிசல் இருந்தால் புது ஹெட்.

டர்போவில் ஷாஃப்ட் பக்கவாட்டில் மிகச் சிறிது ஆடலாம், முன்னும் பின்னும் ஆடக் கூடாது. மாற்ற 4 முதல் 6 மணி நேரம்.

கிளட்ச், ஆட்டோமேட்டிக் இரண்டில் எது பாதுகாப்பு?

இரண்டுக்கும் அதனதன் பலவீனம் உண்டு. கிளட்ச் நழுவுகிறதா என்று பார்க்க, மேல் கியரில் குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சுற்று ஏறி, வேகம் ஏறாவிட்டால் பிளேட் முடிந்தது. ஃபோர்-வீல் டிரைவில் கியர்பாக்ஸோடு டிரான்ஸ்ஃபர் கேஸையும் இறக்க வேண்டியிருப்பதால் 6 முதல் 10 மணி நேரம். இறக்கியதுதான் இறக்கினோம், ரிலீஸ் பேரிங்கையும் கிராங்க்ஷாஃப்டின் பின் ஆயில் சீலையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். அதிர்வைக் குறைக்க இரண்டு பகுதியாகச் செய்த இரட்டை நிறை (டூயல் மாஸ்) ஃபிளைவீல் உள்ள வண்டியில் அதுவும் சேர்ந்தால் பாகச் செலவு பல மடங்கு.

ஆட்டோமேட்டிக்கில் ஆயிலின் நிறமும் மணமும் சொல்லிவிடும். கருத்து, தீய்ந்த வாடை வந்தால் மணலிலோ இழுவையிலோ வெந்திருக்கிறது. 2005 முதல் 2010 வரையிலான நிசான் ஃபிரான்டியர், பாத்ஃபைண்டர், எக்ஸ்டெர்ரா வண்டிகளில், ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் விரிந்து, கூலன்டும் கியர் ஆயிலும் கலந்து கியர்பாக்ஸே போன சம்பவங்கள் நிறைய. அந்த வகையை வாங்கினால் ரேடியேட்டரை மாற்றுவதோ தனிக் கூலர் போடுவதோ முதல் வேலை.

பிரேக், ஷாக் அப்சார்பர், பட்டை?

தேய்வதற்கென்றே இருக்கும் பாகங்கள் இவை. பெரிதாகக் கவலை வேண்டாம், பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். உடைந்த பட்டைத் தகடு, சிக்கிக்கொண்ட காலிபர், சேறு நிறைந்த டிரம், எல்லாமே ஒரு சக்கரத்துக்கு ஓரிரு மணி நேர வேலைகள்.

முன்பு இருந்தவர் நிறைய மாற்றம் செய்திருக்கிறார். நல்லதா?

வயரிங்கைப் பாருங்கள். வின்சுக்கும் விளக்குக்கும் தனி ஃபியூஸ், ரிலே, உறையிட்ட வயர், சரியான இணைப்புகள் இருந்தால், மற்ற வேலைகளையும் கவனமாகச் செய்தவராகத்தான் இருப்பார். டேப் சுற்றிய முறுக்கு வயர்கள் பேட்டரியிலிருந்து நேராகப் போனால், அதே அவசரம்தான் சஸ்பென்ஷனிலும் இருக்கும். மின் கோளாறு தேடுவதற்கு மணிக்கணக்கு சொல்லவே முடியாது. அதனால் இதை நான் சேஸுக்கு அடுத்த இடத்தில் வைப்பேன்.

வண்டி ஆழமாக மூழ்கியிருக்கிறதா என்பதற்கு, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள். கடைசி ஓரடியில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் இருக்கை வரை ஏறியிருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியின் உள்ளேயும் அதே கோடு தெரிந்தால் இன்ஜின் தண்ணீர் குடித்திருக்கலாம், கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். அந்த வண்டி வேண்டாம்.

வாங்கியாகிவிட்டது. முதல் வாரம் என்ன செய்வது?

வண்டி விலையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தனியே வைத்துவிட்டுத்தான் வாங்கியிருக்க வேண்டும். முதல் வாரம் அதில் கொஞ்சம் செலவாகும்.

எல்லா ஆயிலையும் மாற்றுங்கள்: இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன், பின் டிஃபரன்ஷியல்கள். கூடவே கூலன்ட், பிரேக் ஆயில், டீசல் ஃபில்டர். எல்லாம் சேர்ந்து அரை நாள் வேலை. ஹேண்ட் புக்கில் எழுதிய தரத்தையே ஊற்றுங்கள். டிஃபரன்ஷியலுக்குப் பொதுவாக ஜிஎல்-5 தரக் கியர் ஆயில் வேண்டும். பித்தளை சிங்க்ரோ (கியர் மாற்றுவதை எளிதாக்கும் வளையங்கள்) உள்ள பல மேனுவல் கியர்பாக்ஸ்களுக்கு ஜிஎல்-4 வேண்டும். மீந்த ஜிஎல்-5-ஐ அதில் ஊற்றினால் அதன் கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கலாம். வடிந்த ஒவ்வோர் ஆயிலையும் தனித்தனிப் பாத்திரத்தில் பிடித்து, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு எல்லா பிரீதர்களையும் சுத்தம் செய்து, முடிந்தால் நீளமான குழாய் போட்டு பானட் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடியுங்கள். செய்த தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி டேஷ்போர்டில் போட்டுவைத்து, ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் இரண்டு டிஃபரன்ஷியலையும் இன்னொரு முறை திறந்து பாருங்கள்.